லாரியை மடக்குகிறீர்கள், லாரி ஆபீஸை?

ராத்திரி பதினோரு மணி. ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை. இருட்டில் டார்ச் வெளிச்சம் அடிக்கிறது. லாரி ஓரம் கட்டுகிறது.

டிரைவர் இறங்குகிறார். தலைக்கு மேலே செருகி வைத்திருந்த பிளாஸ்டிக் பையை எடுத்துக்கொண்டு ஓடுகிறார். உள்ளே கத்தை கத்தையாகக் காகிதம். செல்போனில் காட்டினாலே செல்லும் என்று வந்த பிறகும், காகிதம் கையில் இருந்தால்தான் அவருக்குத் தைரியம்.

"ஆர்.சி. புக்?"

"இந்தாங்க சார்."

"எப்.சி.?"

"இருக்கு சார்."

"பெர்மிட்? இன்சூரன்ஸ்? வரி கட்டின ரசீது? புகை சர்டிபிகேட்? உன் லைசென்ஸ்?"

எல்லாம் இருக்கிறது.

"சரி, எடை போடு!"

அங்கேதான் டிரைவர் முகம் செத்துப் போகிறது. லாரியில் அளவுக்கு மேல் சரக்கு. அபராதம் எழுதப்படுகிறது. லாரி நிற்கிறது. கிளீனர் பையன் டயர் ஓரமாகச் சாக்கை விரித்துப் படுத்துவிடுகிறான்.

சட்டம் தன் கடமையைச் செய்தது. அதில் நமக்கு வருத்தம் இல்லை. செய்யத்தான் வேண்டும்.

ஆனால் ஒரு கேள்வி. அந்த லாரியில் மூட்டை மேல் மூட்டை அடுக்கச் சொன்னது யார்? டிரைவரா? கிளீனரா? இல்லை. நகரத்துக்குள்ளே ஒரு சந்தில், லாரி ஆபீஸ் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, "இன்னும் பத்து மூட்டைதானப்பா, ஏத்திக்கோ" என்று சொன்னவர்! அவர் இந்நேரம் வீட்டில் நிம்மதியாகத் தூங்குகிறார்.

அவரிடம் யாராவது ஒரு சீட்டைக் கேட்டார்களா? கேட்க வேண்டிய சீட்டு ஒன்று இருக்கிறது. அது பலருக்குத் தெரியவே தெரியாது.

கம்பெனிக்கும் பதிவு உண்டு

லாரிக்குப் பதிவு உண்டு என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நாமக்கல் லாரி என்றால் 28 அல்லது 88, சங்ககிரி என்றால் 52, திருச்செங்கோடு என்றால் 34 என்று நம்பரைப் பார்த்தே ஊரைச் சொல்லும் பையன்கள் உண்டு.

ஆனால் சரக்கு புக் செய்யும் கம்பெனிக்கும் தனியாகப் பதிவு வேண்டும் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

வெள்ளைக்காரன் காலத்தில், 1865-ல், சரக்கு ஏற்றிச் செல்வோருக்கு என்று ஒரு சட்டம் போட்டார்கள். மாட்டு வண்டிக் காலத்துச் சட்டம். அதை வைத்துக்கொண்டே நாடு 21-ம் நூற்றாண்டுக்குள் நுழைந்துவிட்டது. பிறகுதான் 2007-ல் பார்லிமெண்டில் புதிய சட்டம் நிறைவேறியது. சாலை வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் என்று பெயர். 2011 மார்ச் 1-ந் தேதி அது அமலுக்கு வந்தது.

அந்தச் சட்டம் என்ன சொல்கிறது? ஊரார் சரக்கை வாடகைக்கு ஏற்றிச் செல்லும் தொழில் நடத்துகிற எவரும் பதிவுச் சான்று பெற வேண்டும். சான்று இல்லாமல் தொழில் நடத்தக்கூடாது. மாநிலப் போக்குவரத்து ஆணையமோ வட்டாரப் போக்குவரத்து ஆணையமோ அதைக் கொடுக்கும். பத்து வருஷம் செல்லும்.

"எனக்குச் சொந்தமாக லாரியே கிடையாதே, நான் வெறும் புக்கிங் ஆபீஸ்தானே" என்று யாரும் நழுவ முடியாது. புக்கிங் கம்பெனி, காண்டிராக்டர், ஏஜெண்ட், புரோக்கர், கூரியர் எல்லோரையும் அந்தச் சட்டம் பெயர் சொல்லியே உள்ளே இழுத்துவிட்டது.

பத்து வருஷம் என்றால் கணக்குப் பாருங்கள். 2011-ல் பதிவு செய்தவர்கள் 2021-ல் புதுப்பித்திருக்க வேண்டும். உங்கள் தெரு லாரி ஆபீஸ் புதுப்பித்ததா? முதலில் பதிவே செய்ததா? நாளைக் காலையில் போய்க் கேட்டுப் பாருங்கள். கேட்டவரை மேலும் கீழும் பார்ப்பார்கள்!

டிரைவருக்கு ஒரு தராசு, முதலாளிக்கு ஒரு தராசா?

ஓவர்லோடு ஏற்றிய லாரிக்கு என்ன தண்டனை? 2019 செப்டம்பர் 1-ந் தேதிக்கு முன்பு 2 ஆயிரம் ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் ஆயிரம். அன்று முதல் அது 20 ஆயிரம் ரூபாய் ஆனது. கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2 ஆயிரம். அதிகச் சரக்கை இறக்கி வைக்கும் கூலியும் லாரிக்காரர் தலையில்தான். இறக்காமல் வண்டி நகரக்கூடாது. எடை போட மறுத்தால் 40 ஆயிரம்.

ஆறு சக்கர லாரியை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியும் சரக்கும் சேர்த்து முன்பு 16.2 டன். 2018 ஜூலையில் மத்திய அரசு அதை 18.5 டன்னாக உயர்த்தியது. அப்படிப்பட்ட லாரி ஐந்து டன் கூடுதலாக ஏற்றிப் பிடிபட்டால் அபராதம் 30 ஆயிரம் ரூபாய்! ஒரே லாரி வைத்துப் பிழைக்கிறவருக்கு அந்த மாத டியூ போச்சு.

இப்போது லாரி ஆபீஸைப் பாருங்கள். பதிவே இல்லாமல் தொழில் நடத்தினால் என்ன தண்டனை? முதல் தடவை 5 ஆயிரம் ரூபாய் வரை. மறுபடியும் செய்தால் 10 ஆயிரம் ரூபாய் வரை. அவ்வளவுதான்!

ஒரு ராத்திரி ஓவர்லோடுக்கு 30 ஆயிரம். வருஷக்கணக்காகப் பதிவில்லாமல் கடை நடத்தினால் 5 ஆயிரம். இது என்ன தராசு?

இத்தனைக்கும் சட்டத்தில் ஓட்டை இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். ஓவர்லோடு லாரியை ஓட்டியவர் மட்டும் குற்றவாளி என்று அதில் இல்லை. ஓட்ட வைத்தவரும், ஓட்ட அனுமதித்தவரும் குற்றவாளிதான். 2007-ம் ஆண்டுச் சட்டமோ இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஆர்.சி.யில் எழுதிய எடைக்கு மேல் கம்பெனி சரக்கு ஏற்றக்கூடாது. ஏற்றித் தண்டனை பெற்றால் கம்பெனியின் பதிவையே ரத்து செய்யலாம்.

கையில் கத்தி இருக்கிறது. உறையை விட்டுத்தான் எடுப்பதில்லை.

ரோடு யாருடையது?

"அஞ்சு டன் கூடப் போட்டா குடியா முழுகிப்போகும்?" என்று கேட்பவர்கள் உண்டு. முழுகத்தான் செய்கிறது.

அமெரிக்காவில் இல்லினாய்ஸ் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை இதற்கென்றே ரோடு போட்டு, லாரிகளை ஓட்டோ ஓட்டு என்று ஓட்டிப் பார்த்தார்கள். ஓர் அச்சின் மீது விழும் எடை இரண்டு மடங்கானால், ரோட்டுக்கு விழும் அடி இரண்டு மடங்கு அல்ல, ஏறக்குறைய 16 மடங்கு என்று தெரிந்தது. இன்றைக்கும் என்ஜினீயர்கள் கையாளும் கணக்கு அது.

பின் அச்சுக்கு 11.5 டன் என்பது அளவு. அதில் 15 டன் விழுந்தால்? அளவோடு போகிற மூன்று லாரி செய்யும் சேதத்தை அந்த ஒரு லாரியே செய்துவிடும். ரோடு போட்டது யார் பணம்? பஸ்ஸில் போகிறவர், சைக்கிளில் போகிறவர் எல்லோர் வரிப் பணமும்தான்!

பிரேக்கும் அப்படித்தான். எடை கூடினால் வண்டி நிற்கும் தூரம் கூடும். முன்னால் போகிற ஸ்கூட்டர்காரருக்கு அந்த நாலு அடி உயிர்.

முன்பு சில மாநிலங்களில் ஒரு வேடிக்கை நடந்தது. அபராதத்தைக் கட்டிவிட்டு அதே ஓவர்லோடோடு போய்க்கொண்டே இருக்கலாம்! 2005 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அதிகச் சரக்கை இறக்கித்தான் ஆகவேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னது. பணம் கட்டினால் பாவம் போகாது என்பதுதான் அதன் பொருள்.

கடைக்காரரே, உங்கள் பாடு என்ன?

இது லாரிக்காரர் சமாச்சாரம், நமக்கென்ன என்று பக்கத்தைத் திருப்பாதீர்கள். இனிமேல்தான் உங்கள் கதை.

வால்டாக்ஸ் ரோடு பக்கம் சாயங்காலம் போனவர்களுக்குத் தெரியும். தள்ளுவண்டி, மீன்பாடி வண்டி, ஆட்டோ என்று வரிசையாக நிற்கும். மதுரைக்கு, கோயமுத்தூருக்கு, திருநெல்வேலிக்கு என்று பார்சல் இறங்கும். கடைப் பையன் அவசரத்தில் இருப்பான். லாரி ஆபீஸ் குமாஸ்தா அதைவிட அவசரத்தில் இருப்பார்.

"அண்ணே, ரசீதுல சரக்கு மதிப்பு போடலையே?"

"அதெல்லாம் என்னத்துக்கு தம்பி? நாளைக்குப் போய்ச் சேர்ந்துடும். கையெழுத்துப் போடு."

பையன் கையெழுத்துப் போடுகிறான். அங்கேதான் வினை ஆரம்பம்.

60 ஆயிரம் ரூபாய்ப் பாத்திரம் அனுப்புகிறீர்கள் என்று வையுங்கள். லாரி வாடகை 500 ரூபாய். சரக்கு வழியில் தொலைந்துவிட்டது. கம்பெனி எவ்வளவு கொடுக்க வேண்டும்? 60 ஆயிரமா? இல்லை ஐயா! 2011-ல் வந்த விதிப்படி, வாடகையைப் போல் பத்து மடங்கு வரைதான் அதன் பொறுப்பு. அதாவது 5 ஆயிரம் ரூபாய். மீதி 55 ஆயிரத்துக்கு நீங்கள் தலையில் துண்டு போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

அதிலும் நீங்கள் எழுதிக் கொடுத்த சரக்கு மதிப்புக்கு மேல் ஒரு பைசா கிடைக்காது. முழுப் பணமும் வேண்டும் என்றால், கூடுதல் ரிஸ்க் கட்டணம் கொடுத்து, அதை ரசீதில் எழுதி வாங்கியிருக்க வேண்டும். எத்தனை ஆபீசில் இதைச் சொல்கிறார்கள்?

சட்டம் உங்கள் பக்கமும் இருக்கிறது. சரக்கு தொலைந்தது கம்பெனியின் கவனக்குறைவால்தான் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் கோர்ட்டுக்குப் போகும் முன் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதுவும் புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள்! "பார்க்கலாம், அடுத்த வாரம் வாங்க" என்று ஆறு மாதம் இழுத்தடித்தால் என்ன ஆகும்? உங்கள் வழக்கு பிறக்கும் முன்பே செத்துவிடும்.

நோட்டீஸ் யாருக்குக் கொடுப்பது? இங்கேதான் பதிவு வந்து நிற்கிறது. பதிவான கம்பெனி என்றால் பெயர், விலாசம், கிளை எல்லாம் சர்க்கார் புத்தகத்தில் இருக்கும். பதிவில்லாத கம்பெனி? இன்றைக்கு ஒரு பெயர், நாளைக்கு ஒரு பெயர். போர்டைக் கழற்றி அடுத்த சந்தில் மாட்டினால் முடிந்தது கதை. உங்கள் கையில் இருக்கும் ரசீது பொட்டலம் மடிக்கத்தான் உதவும்.

வரிக்கு நம்பர் உண்டே!

"ஆயிரக்கணக்கான லாரி ஆபீஸ் இருக்கு. எல்லாத்தையும் எங்கே போய்த் தேடுறது?" என்று அதிகாரிகள் கேட்கலாம்.

தேடவே வேண்டாம். பட்டியல் ஏற்கெனவே சர்க்காரிடம் இருக்கிறது!

ஜி.எஸ்.டி. 2017 ஜூலை 1-ல் வந்தது. வெளி மாநிலச் சரக்குக்கு ஈ-வே பில் 2018 ஏப்ரல் 1-ல் வந்தது. அதே ஆண்டு ஜூன் 2-ல் தமிழ்நாட்டுக்குள் போகும் சரக்குக்கும் வந்தது. அந்தப் பில்லில் சரக்கு ஏற்றும் கம்பெனிக்கு ஒரு நம்பர் உண்டு. ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத கம்பெனியும் விண்ணப்பம் போட்டு 15 இலக்க நம்பர் வாங்குகிறது. கடைக் குமாஸ்தாக்களைக் கேளுங்கள், மனப்பாடமாகச் சொல்வார்கள்.

ஆக, வரிக் கணக்குப் பார்க்கும் கம்ப்யூட்டருக்கு லாரி ஆபீஸ் தெரிகிறது. வட்டாரப் போக்குவரத்து ஆபீசில் பதிவுப் புத்தகம் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பதிவு செய்யாதவர் யார் என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிடாதா?

வரி வாங்க நம்பர் வேண்டும் என்கிற சர்க்கார், வாடிக்கையாளரைக் காப்பாற்றவும் ஒரு நம்பர் வேண்டும் என்று கண்டிப்புக் காட்ட வேண்டாமா?

ஒற்றை லாரிக்காரர் நிலைமை

லாரி ஆபீஸ்காரர்களுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. அதையும் சொல்லத்தான் வேண்டும். "நான் அளவோடுதான் ஏத்துவேன்னு சொன்னா, பார்ட்டி பக்கத்து ஆபீசுக்குப் போயிடறார். அவன் டன்னுக்கு நூறு ரூபா குறைச்சு ஏத்திடறான்" என்கிறார்கள். உண்மைதான். யோக்கியமாக இருப்பவனுக்குத்தான் நஷ்டம். அதனால்தான் எல்லோரையும் ஒன்றாகப் பிடிக்க வேண்டும் என்கிறோம். ஒருவரை விட்டு ஒருவரைப் பிடித்தால், பிடிபட்டவர்தான் முட்டாள் ஆவார்.

ஒற்றை லாரி வைத்திருப்பவர் நிலைமை இன்னும் மோசம். லோடு கொடுப்பது லாரி ஆபீஸ். "முடியாது" என்று சொன்னால் அடுத்த லோடு கிடைக்காது. காலி வண்டியோடு மூன்று நாள் நின்றால் டியூ யார் கட்டுவது? பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றுகிறார். ரோட்டில் அபராதமும் அவர்தான் கட்டுகிறார். வழிநெடுக மாமூலும் அவர்தான் கொடுக்கிறார். எட்டு வருஷம் தாண்டிய லாரி என்றால் எப்.சி.க்கு வருஷா வருஷம் அலைவதும் அவர்தான்.

லாபத்தில் பங்கு கேட்டவர் தண்டனையில் பங்கு கேட்க மாட்டார். சர்க்கார்தான் பங்கு பிரித்துக் கொடுக்க வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

புதுச் சட்டம் வேண்டாம். இருப்பதை நடத்தினால் போதும்.

ஒன்று: லாரி ஆபீஸ் ஒவ்வொன்றும் பதிவு நம்பரை வாசல் போர்டில் தமிழில் பெரிதாக எழுத வேண்டும். ரசீதிலும் அச்சடிக்க வேண்டும். என்று வரை செல்லும் என்ற தேதியும் வேண்டும்.

இரண்டு: பதிவான கம்பெனிகளின் பட்டியலை வட்டாரப் போக்குவரத்து ஆபீஸ் வாசலில் ஒட்ட வேண்டும். யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இருக்க வேண்டும்.

மூன்று: ஓவர்லோடு லாரி பிடிபட்டால் டிரைவர் பெயரோடு நிறுத்தக்கூடாது. வண்டியில் இருக்கும் ரசீதைப் பார்த்து, எந்த ஆபீஸ் ஏற்றியது என்று எழுத வேண்டும். அந்த ஆபீஸ் மீதும் வழக்குப் போட வேண்டும். திரும்பத் திரும்பச் செய்தால் பதிவை ரத்து செய்ய வேண்டும்.

நான்கு: லோடு ஏற்றி முடித்ததும் எடை மேடைச் சீட்டு வாங்கி ரசீதோடு பின் செய்த பிறகுதான் வண்டி புறப்பட வேண்டும். ஊருக்குள்ளேயே எடை தெரிந்துவிட்டால், ராத்திரி பதினோரு மணிக்கு நடுரோட்டில் நாடகம் எதற்கு?

ஐந்து: பதிவில்லாமல் தொழில் நடத்துவதற்கான அபராதம் 2007-ல் எழுதியது. லாரிக்கு 2019-ல் பத்து மடங்கு ஏற்றிய மத்திய அரசு, கம்பெனிக்கும் ஏற்றட்டும்.

கூடவே ஒரு எச்சரிக்கை. இந்தப் பதிவு இன்னொரு மாமூல் கதவாக ஆகிவிடக்கூடாது. இத்தனை நாளுக்குள் சான்று என்று கெடு வைக்க வேண்டும். புரோக்கர் இல்லாமல் நேரே போய் வாங்கி வர முடியவேண்டும். இல்லாவிட்டால் யோக்கியமான சின்ன ஆபீஸ்காரர்தான் மாட்டிக்கொள்வார். பெரிய புள்ளி தப்பிவிடுவார்.

கடைக்காரர்களுக்கும் குமாஸ்தாக்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த பார்சல் போடும்போது மூன்று கேள்வி கேளுங்கள். "பதிவு நம்பர் என்ன? சரக்கு மதிப்பை எழுதினீர்களா? ரிஸ்க் கட்டணம் எவ்வளவு?" பதில் சொல்லாத ஆபீசில் பார்சலை இறக்காதீர்கள். பத்து கடைக்காரர் கேட்டால் அந்த ஆபீஸ் தானாகப் பதிவுக்கு ஓடும்.

ராத்திரியில் லாரி மீது அடிக்கும் அந்த டார்ச் வெளிச்சத்தை யாரும் அணைக்கச் சொல்லவில்லை. பகலில் ஒரு தடவை லாரி ஆபீஸ் போர்டு மீதும் அடித்துப் பாருங்கள் என்றுதான் கேட்கிறோம்.

அடிப்பார்களா?